விழுந்த பரிசும் வந்து சேரும் பணமும்: இணைய லாட்டரித் தொகையைப் பெறுவதன் சட்டமும் நடைமுறையும்

லாட்டரிப் பரிசு சட்டத்தின் கண்ணில் ஒருவகைக் கடன். சீட்டை வெளியிட்டவர் கடன்பட்டவர். பரிசு விழுந்த சீட்டை வைத்திருப்பவர் அதைக் கேட்டுப் பெறும் உரிமை உடையவர். லாட்டரிச் சீட்டு விற்பனைப் பொருளா என்ற கேள்வி தமிழ்நாட்டிலிருந்து போன அன்ராஜ் வழக்கில் 1985ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் முன் எழுந்தது. குலுக்கலில் பங்குபெறும் உரிமையை விற்பனை வரிக்கு உட்பட்ட பொருளாகவே அப்போது நீதிமன்றம் கொண்டது. 2006இல் சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அந்தக் கருத்தை மாற்றியது. சீட்டு ஒரு பொருள் அல்ல, வழக்கிட்டுக் கோரத்தக்க ஓர் உரிமையின் சான்று மட்டுமே என்று அது முடிவு செய்தது.

இந்தத் தீர்ப்புகள் வரி விதிப்பைப் பற்றியவை. ஆனாலும் பரிசுப் பணத்தைப் பெற நினைக்கும் எவருக்கும் முதல் கேள்வியை இவையே எடுத்துத் தருகின்றன: இந்தப் பணத்தைத் தரக் கடமைப்பட்டவர் யார்? கேரள அரசின் தாள்சீட்டிலும் அபுதாபியின் குலுக்கலிலும் இதற்குத் தெளிவான விடை உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் பரிசுச் செய்தியில் விடையே இல்லை.

பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. குன்னம் சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் விரிந்து கிடக்கிறது. பருத்தியையும் மக்காச்சோளத்தையும் மழையை நம்பி விதைக்கும் ஊர்கள் இவை. லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களிலிருந்து தலைமுறைகளாக வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போகிறார்கள். ஆகவே லாட்டரி மூன்று வழிகளில் இங்கே வந்து சேருகிறது: அண்டை மாநிலத்தின் தாள்சீட்டாக, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சேரும் குலுக்கலாக, கைப்பேசியில் வரும் செய்தியாக. மூன்றுக்கும் சட்ட நிலை வேறு வேறு.

தமிழ்நாட்டின் தடை

தமிழ்நாடு அரசு 1968இல் தானே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கிய மாநிலம். ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கம் அந்தக் காலத்தது. பின்னர் தனியார் முகவர்களும் பிற மாநிலச் சீட்டுகளும் பெருகி, நாளுக்குப் பல குலுக்கல்கள் என்ற நிலை வந்தது. தினக்கூலி வாங்குபவர்கள் சம்பாதித்ததைச் சீட்டுக்கடையிலேயே இழந்தார்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா தலைமையிலான அரசு எல்லா லாட்டரிகளின் விற்பனையையும் தடை செய்தது.

தடைக்கு அடிப்படை 1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம். பிற மாநில லாட்டரிகளைத் தன் எல்லைக்குள் தடுக்கும் அதிகாரத்தை அதன் 5ஆம் பிரிவு மாநிலத்துக்கு வழங்குகிறது. 1999இல் பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைச் செல்லும் என்று ஏற்றது. ஆனால் ஒரு நிபந்தனையும் வைத்தது: தன் லாட்டரியை நடத்திக்கொண்டே பிறர் லாட்டரியை ஒரு மாநிலம் தடுக்க முடியாது, தானும் லாட்டரி இல்லாத மாநிலமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அந்த நிபந்தனையை நிறைவேற்றியிருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான லாட்டரியில் முகவராக இருப்பவர், விற்பவர், வாங்குபவர் மூவருக்கும் 7ஆம் பிரிவு இரண்டு ஆண்டுகள் வரை கடுங்காவல் விதிக்க இடம் தருகிறது. வாங்குபவரும் இதில் அடங்குவார் என்பதைப் பலர் அறிவதில்லை.

‘ஆன்லைன் லாட்டரி’ என்ற சொல்லுக்கு 2010ஆம் ஆண்டின் மத்திய விதிகள் தரும் பொருள் குறுகியது. முனையக் கருவியில் வாங்குபவர் எண்ணைத் தேர்ந்தெடுக்க, அது மைய சர்வரில் அந்தக் கணமே பதிவாகி, கணினி சீட்டைத் தரும் முறையையே அந்த விதிகள் குறிக்கின்றன. அதையும் ஒரு மாநில அரசு தன் பெயரில் நடத்த வேண்டும். குலுக்கலை அரசே செய்ய வேண்டும். யாரோ உருவாக்கிய செயலியில் 40 ரூபாய் கட்டிச் சேரும் குலுக்கல் இந்த வரையறைக்குள் வராது. பணம் வைத்து ஆடும் அதிர்ஷ்ட விளையாட்டுகளை இணையத்தில் நடத்துவதைத் தமிழ்நாட்டின் சட்டம் தடை செய்கிறது. 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற இந்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ஆய்ந்தது. ரம்மி, போக்கர் பற்றிய பகுதியை மட்டும் நீக்கி, அதிர்ஷ்ட விளையாட்டுகள் மீதான தடையை அது நிலைநிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும், அவற்றுக்கு வங்கிகள் பணம் கடத்தித் தருவதையும் தடுக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முந்தைய தடை ஒன்றும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லும் தொகைக்கு வழக்குப் போட முடியாது என்றும் சொல்கிறது. ஆகவே தனியார் இணையதளம் ஒன்று பரிசை அறிவித்துவிட்டுத் தர மறுத்தால், குன்னத்தில் இருப்பவர் அந்தப் பரிசைக் கேட்டு நீதிமன்றப் படி ஏற முடியாது. அங்கே கடன்பட்டவர் என்று சட்டம் ஒப்புக்கொள்ளும் ஆள் யாருமே இல்லை.

கேரளச் சீட்டு: பரிசு கைக்கு வரும் வழி

கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26இல் நடந்தது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாட்டவர் அதிகம் அறிந்ததும் எல்லைதாண்டிப் போய் வாங்குவதும் இந்த லாட்டரியையே. 2023இல் 25 கோடி ரூபாய் ஓணம் பம்பர் முதல் பரிசு, வாளையாறில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. வென்றவர்கள் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த நால்வர்.

கேரளச் சீட்டு தாளில் மட்டுமே உண்டு. அரசு அதை இணையத்தில் விற்பதில்லை. குலுக்கல் முடிவுகளை மட்டுமே அரசிதழிலும் துறையின் இணையதளத்திலும் வெளியிடுகிறது. சிறு பரிசுகளைச் சீட்டுக்கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள பரிசுக்கு மாவட்ட லாட்டரி அலுவலகம். அதற்கு மேற்பட்டால் திருவனந்தபுரத்தில் உள்ள லாட்டரி இயக்ககம். வங்கி வழியாகவும் சீட்டைச் சமர்ப்பிக்கலாம். குலுக்கல் நடந்த 30 நாளுக்குள் சீட்டு போய்ச் சேர வேண்டும்.

வென்றவர் முதலில் செய்ய வேண்டியது சீட்டின் பின்புறம் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திடுவது. கையெழுத்து விழாத சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருடையதாகவே கருதப்படும் ஆபத்து உண்டு. பிறகு சீட்டின் இருபுறப் படியில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நோட்டரியின் சான்றொப்பம், புகைப்படங்கள், ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம், வருவாய் முத்திரை ஒட்டிய ரசீது ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். வெளிமாநிலத்தவர் என்றால் கேரளத்துக்கு வந்து சீட்டு வாங்கிய சூழலையும் விளக்க வேண்டியிருக்கிறது. காரணம் எளியது: சீட்டைக் கேரளத்துக்கு வெளியே விற்க அனுமதி இல்லை. பெரம்பலூரிலோ அரியலூரிலோ கள்ளத்தனமாக விற்ற சீட்டுக்குப் பரிசு விழுந்தால், அதை உரிமையோடு கேட்கும் நிலையில் வாங்கியவர் இருக்க மாட்டார். பலர் சேர்ந்து வாங்கியிருந்தால் எல்லோர் பெயரையும் தொடக்கத்திலேயே காட்டி, தொகையைப் பெறும் பொறுப்பை எழுத்தில் ஒருவருக்குக் கொடுப்பது நல்லது. பரிசுச் சீட்டைச் சுற்றி எழும் உறவுச் சண்டைகள் பெரும்பாலும் வாய்மொழிப் பங்கில்தான் தொடங்குகின்றன.

பிடித்தமும் வரியும்

பரிசுத் தொகை அறிவித்தபடி முழுதாகக் கைக்கு வருவதில்லை. எவ்வளவு குறையும், எந்த இடத்தில் குறையும் என்பதை அறிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

2022ஆம் ஆண்டின் ஓணம் பம்பர் இதற்கு நல்ல உதாரணம். முதல் பரிசு 25 கோடி ரூபாய். அதில் 10 விழுக்காடான 2.5 கோடி, சீட்டு விற்ற முகவரின் கமிஷனாகப் போனது. மீதி 22.5 கோடியில் 30 விழுக்காடு வருமான வரி, அதாவது 6.75 கோடி. வென்றவருக்கு அரசு தர வேண்டியது 15.75 கோடி. இத்தோடு முடியவில்லை. அன்றைய விதிப்படி வரியின் மீது 37 விழுக்காடு கூடுதல் வரி, இரண்டும் சேர்ந்த தொகையின் மீது 4 விழுக்காடு செஸ் ஆகியவற்றை வென்றவர் தாமே கட்ட வேண்டும். கடைசியில் மிஞ்சுவது 12 கோடியே 88 லட்சம் அளவில்தான். கூடுதல் வரியின் உச்ச அளவு புதிய வரி முறையில் பின்னர் 25 விழுக்காடாகக் குறைந்தது.

சிறிய தொகைக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 10 லட்சம் ரூபாய் பரிசில் கமிஷன் ஒரு லட்சம்; மீதி 9 லட்சத்தில் வரி 2,70,000; செஸ் 10,800. கைக்கு வருவது 6,19,200 ரூபாய்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் லாட்டரி வருவாய்க்கு 115பிபி பிரிவின் கீழ் 30 விழுக்காடு என்ற ஒரே விகிதத்தை வைத்தது. வேறு வருமானமே இல்லாத விவசாயக் கூலிக்கும் இதே விகிதம்தான்; வருமான வரி விலக்கு வரம்பு இங்கே உதவாது. பரிசு விழாத சீட்டுகளுக்குச் செலவழித்த பணத்தையும் கழித்துக்கொள்ள முடியாது. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் பணம் தருபவரே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டி, பிடித்ததற்கான சான்றிதழையும் தர வேண்டும் என்பது அதன் 194பி பிரிவு இட்ட கட்டளை. அந்தத் தொகை வென்றவரின் பான் எண்ணில் வரித் துறையின் கணக்கிலும் தெரியும்.

இதில் ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். பரிசு காராகவோ நகையாகவோ இருந்தால் அதில் ஒரு பகுதியை வெட்டி வரியாக எடுக்க முடியாது. ஆகவே பொருளைக் கொடுக்கும் முன் வரி கட்டப்பட்டதை உறுதி செய்துகொள்ளும் பொறுப்பு பரிசு தருபவருடையது. ‘உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது, வரியை மட்டும் அனுப்புங்கள்’ என்ற மோசடி இந்த விதியின் நிழலில்தான் ஒளிந்துகொள்கிறது. உண்மையான வரி, வென்றவரின் பான் எண்ணோடு அரசின் கருவூலத்துக்குச் செலான் மூலம் போகும். தனிமனிதர் ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு ஒருபோதும் போகாது.

ஜிஎஸ்டி பற்றிய குழப்பமும் பரவலானது. லாட்டரிக்கு ஜிஎஸ்டி உண்டு. 2020 மார்ச் முதல் 28 விழுக்காடாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் அது சீட்டின் விலையிலேயே அடங்கிவிடும். பரிசுத் தொகைக்கு வென்றவர் ஜிஎஸ்டி கட்டுவது என்ற நடைமுறையே கிடையாது.

கடல்கடந்த குலுக்கல்கள்

வெளிநாடுகளில் முறையான இணைய லாட்டரிகள் உண்டு. அவற்றில் பரிசு சேரும் முறையும் தெளிவானது. பிரிட்டனின் தேசிய லாட்டரியில் சொந்தக் கணக்குத் திறந்து இணையத்தில் சீட்டு வாங்கலாம். சிறு பரிசு அந்தக் கணக்கிலேயே தானாக வரவாகும். பெரும் பரிசுக்கு அடையாளச் சரிபார்ப்பு உண்டு. அதற்கு உரிமை கோர 180 நாள் அவகாசம். வாங்கும்போது அந்த நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. சிங்கப்பூரில் 1968இல் தொடங்கிய சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனமும் பரிசைக் கேட்க 180 நாள் தருகிறது.

குன்னம் வட்டாரத்து வளைகுடா ஊழியர்களுக்கு அதிகம் பழக்கமானவை அபுதாபியின் பிக் டிக்கெட்டும் துபாய் டியூட்டி ஃப்ரீ குலுக்கலும். பிக் டிக்கெட் 1992இல் விமான நிலையத்தில் தொடங்கியது. இப்போது இணையத்திலும் சீட்டு கிடைக்கிறது. துபாயின் பத்து லட்சம் டாலர் குலுக்கல் 1999இல் வந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2023இல் இதற்கென ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்தது. 2024 தொடக்கத்தில் மஹ்சூஸ், எமிரேட்ஸ் டிரா ஆகிய குலுக்கல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் உரிமம் பெற்ற யுஏஇ லாட்டரி டிசம்பரில் முதல் குலுக்கலை நடத்தியது. அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. அங்கேயே வசித்து வேலை செய்யும் ஒருவர், இந்திய வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் நிலையில் இருந்து, பரிசையும் அங்கேயே பெற்றால் இந்தியாவிலும் அதற்கு வரி எழுவதில்லை. ஊருக்கு வங்கி வழியாக அனுப்பலாம். பரிசு பெற்றதற்கான கடிதத்தையும் வங்கி ஆவணங்களையும் பத்திரப்படுத்த வேண்டும். அறைத் தோழர்கள் பத்துப் பேர் காசு போட்டு ஒருவர் பெயரில் சீட்டு வாங்குவது அங்கே வழக்கம். சீட்டில் யார் பெயரோ அவருக்கே நிறுவனம் பணம் தரும். பங்குதாரர்களின் உரிமை அவர்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்புதலைச் சார்ந்தது.

இந்தியாவில் இருந்துகொண்டே இந்தக் குலுக்கல்களில் சேர்வது வேறு கதை. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2000ஆம் ஆண்டில் வந்த நடப்புக் கணக்கு விதிகளின் முதல் அட்டவணை, லாட்டரிச் சீட்டு வாங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை முற்றாகத் தடுக்கிறது. ஊரில் இருந்து கார்டில் பணம் கட்டி வெளிநாட்டுச் சீட்டு வாங்கியவருக்குப் பரிசு விழுந்தால், பணத்தோடு விதிமீறலும் சேர்ந்தே வரும். இந்தியாவில் வசிப்பவருக்கு உலகில் எங்கே வருமானம் வந்தாலும் வரி உண்டு.

உலக அளவில் இடைத்தரகர் தளங்களும் இயங்குகின்றன. 2015இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில லாட்டரியில் 64 லட்சம் டாலர் பரிசு, ஈராக்கில் இருந்தபடி இப்படி ஒரு தளத்தின் மூலம் சீட்டு வாங்கியவருக்கு விழுந்தது. மாநில லாட்டரி அவருக்குப் பணம் தந்தது. தரகர் உண்மையான சீட்டை வாங்கி வைத்திருந்ததே அதற்குக் காரணம். வேறு சில தளங்கள் சீட்டே வாங்குவதில்லை. முடிவின் மேல் பந்தயம் மட்டும் கட்டவைக்கின்றன. அங்கே அரசு லாட்டரி கடன்பட்டவர் அல்ல; அந்தத் தளம் மட்டுமே பொறுப்பு.

மூணு நம்பர்

தமிழ்நாட்டில் இன்று லாட்டரி என்ற பெயரில் அதிகம் ஓடுவது சீட்டே இல்லாத ஓர் ஆட்டம். கேரள லாட்டரி நாள்தோறும் பிற்பகலில் திருவனந்தபுரத்தில் குலுக்கப்படுகிறது. முதல் பரிசு எண்ணின் கடைசி ஓரிலக்கம், ஈரிலக்கம் அல்லது மூவிலக்கத்தின் மேல் பணம் கட்டுவதே ‘மூணு நம்பர்’. கையில் கிடைப்பது துண்டுத்தாள் அல்லது வாட்ஸ்அப் பதில். பணம் போவது கைப்பேசிச் செயலி வழியாக. கேரள அரசுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஓரிலக்கத்தை வைத்துப் பரிசு தருவதை 1998ஆம் ஆண்டுச் சட்டம் அரசு லாட்டரிகளுக்கே தடை செய்திருக்கிறது.

இதில் பரிசைப் பெறுவது முழுக்க நடத்துபவரின் விருப்பம். சிறு தொகையை உடனே கொடுத்து நம்பிக்கையை வளர்ப்பார்கள். பெரிய தொகை விழுந்தால் ஆள் தலைமறைவாகலாம். புகார் கொடுக்கத் தயங்கும் வாங்கியவரின் அச்சமே அந்த வியாபாரத்தின் முதலீடு. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐவர், இறந்தது. மூணு நம்பர் லாட்டரியில் இழந்த பணமும் கடனுமே காரணம் என்று இறக்கும் முன் அவர் காணொளியில் சொல்லியிருந்தார். விற்பனைத் தடை மட்டும் போதாது, அதை நாள்தோறும் நிறைவேற்றவும் வேண்டும் என்பதற்கு அந்த மரணங்களைவிட வலுவான வாதம் இல்லை.

இல்லாத பரிசு

சீட்டே வாங்காதவருக்கும் பரிசு விழுந்ததாகச் செய்தி வருவது மோசடியின் பழைய வடிவம். ‘கோன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியின் பெயரில் 25 லட்சம் ரூபாய் விழுந்ததாக வரும் வாட்ஸ்அப் செய்தி நாடு முழுவதும் பரவியது. இதைப் பற்றி டெல்லி காவல்துறை எச்சரிக்கை விடுத்தது. ரிசர்வ் வங்கியின் பெயரிலும் இத்தகைய மின்னஞ்சல்கள் வருகின்றன. ரிசர்வ் வங்கி தனிமனிதர்களுக்குக் கணக்கு வைத்திருப்பதில்லை. யாருடைய பரிசுப் பணமும் அங்கே காத்திருப்பதில்லை. இதை அந்த வங்கியே பலமுறை அறிவித்திருக்கிறது.

புதிய வடிவம் இன்னும் நுட்பமானது. கேரள லாட்டரி இணையத்தில் கிடைக்கிறது என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் வருகிறது. 40 ரூபாய் கட்டினால் சீட்டின் படம் வாட்ஸ்அப்பில் வரும். குலுக்கல் நேரத்துக்குப் பிறகு பொய்யான முடிவுப் பட்டியலும், ஐந்து லட்சம் ரூபாய் விழுந்தது என்ற செய்தியும் வரும். பணம் பெற ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். கட்டிய பிறகு, ரிசர்வ் வங்கி பணத்தை நிறுத்திவைத்திருக்கிறது என்று சொல்லி மேலும் கேட்பார்கள். 2024 தொடக்கத்தில் கேரளக் காவல்துறை இந்த முறையை விளக்கி எச்சரித்தது. போலிச் செயலிகளை நீக்கும்படி கூகுளையும் கேட்டுக்கொண்டது.

இந்த மோசடி வெற்றிபெறும் காரணத்தை ஏமாந்தவரின் பேராசையில் தேடுவது நியாயமில்லை. உண்மையான லாட்டரியிலும் வரி உண்டு, படிவம் உண்டு, காத்திருப்பு உண்டு. மோசடிக்காரர் அந்த நடைமுறையை அப்படியே போலி செய்கிறார். முதல் கட்டணம் சிறியது. அதைக் கட்டியவர், அடுத்ததைக் கட்டாவிட்டால் முதலில் கட்டியதும் போய்விடுமே என்ற தவிப்பில் அடுத்ததையும் கட்டுகிறார். இரண்டையும் பிரித்துக் காட்டும் கோடு ஒன்றே: உண்மையான பரிசில் கமிஷனும் வரியும் பரிசிலிருந்தே கழியும், போலிப் பரிசில் வென்றவரின் கையிலிருந்து முன்பணம் போகும்.

ஏமாந்தவர் செய்ய வேண்டியவை

பணம் அனுப்பியதை உணர்ந்த உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும்; தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, எதிர்க் கணக்கின் விவரம் ஆகியவை தேவை. புகார் சேர்ந்ததும் பணம் போன கணக்கை வைத்திருக்கும் வங்கிக்குத் தகவல் போய், எடுக்கப்படாமல் மிஞ்சிய தொகை முடக்கப்படும். பின்னர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அதைத் திரும்பப் பெறலாம். மோசடிப் பணம் சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்குத் தாவிவிடும். ஆகவே தாமதமே பெரிய இழப்பு. செய்திகளையும் எண்களையும் அழித்துவிடக் கூடாது. மாவட்டத் தலைநகரில் உள்ள சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் நேரில் புகார் தரலாம்.

லாட்டரி வாங்கியதே குற்றமாயிற்றே என்ற அச்சம் பலரை வாய்மூட வைக்கிறது. பரிசு விழுந்ததாகப் பொய் சொல்லிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி மோசடி. கணினி வழி ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் பொருந்தும். சீட்டே வாங்காமல் பொய்ச் செய்தியை நம்பிப் பணம் அனுப்பியவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. முழுமையாக அவர் பாதிக்கப்பட்டவர். கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கைப் பிறருக்குக் கொடுப்பவரின் நிலைதான் ஆபத்தானது. மோசடிப் பணம் அந்தக் கணக்கில் வந்து போனால் வழக்கு முதலில் தேடி வருவது அவரையே.

ஆக, பரிசு விழுந்ததாகச் செய்தி வரும்போது பார்க்க வேண்டியவை நான்கு: சீட்டு உண்மையில் வாங்கியதா, அதை வெளியிட்டது சட்டம் ஏற்கும் அமைப்பா, வாங்கிய இடத்தில் அதன் விற்பனைக்கு அனுமதி உண்டா, பணம் தருபவர் பிடித்தம் செய்து தருகிறாரா அல்லது முன்பணம் கேட்கிறாரா. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்து இணையத்தில் வாங்கிய எந்த லாட்டரியும் இந்த நான்கையும் இன்றைய சட்டத்தின்படி நிறைவு செய்யாது. கடன்பட்டவர் என்று சுட்டிக்காட்ட ஆள் இல்லாத பரிசுக்காக ஒரு ரூபாய் அனுப்பினாலும் அது இழப்புதான்.